நோ சொல்லும் செய்தி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலைப் பிரார்த்தனை மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஏதாவது வைத்தியம் பற்றிப் பேசுங்கோ, ஆனால் எல்லாருக்கும் விளங்க வேணும்" என்றார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளரை உறங்க வைப்பதும், அவர்கள் கண்விழித்த பின் நோவைத் தணிப்பதும் என் தொழில். இருபது வருடங்களாக நான் நாள்தோறும் பார்த்துவரும் பொருளையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். அது நோ.

பின்வரிசையில் சில பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது. ரொறன்ரோவில் பிறந்த என் அக்காவின் மகளும் சிறுவயதில் இப்படித்தான். "எனக்குக் கால் நோ" என்று அம்மம்மா சொன்னால், கால் எதையோ வேண்டாம் என்கிறது என்று நினைப்பாளாம். ஆனால் எங்கள் வீடுகளில் புழங்கும் இந்தச் சிறிய சொல் மிகப் பழையது. நோய் என்ற சொல் பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான். அதைச் சுற்றி எங்களிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: குத்து, கடுப்பு, உளைவு, எரிவு, பிடிப்பு, இழுப்பு, விறைப்பு, முறுக்கு, விண்விண் என்று தெறித்தல். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர் 1975இல் நோவை அளக்க ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். நோவை விவரிக்கும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, எது உங்கள் நோ என்று நோயாளியைக் கேட்பதே அதன் முறை. கிளினிக்குக்கு வரும் எங்கள் ஆச்சிமார் அந்தப் படிவத்தைக் காணாமலே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள். "எரியுது, மின்சாரம் அடிச்ச மாதிரி ஓடுது" என்றால் நரம்பே பழுதாகியிருக்கலாம். "விண்விண் எண்டு குத்துது" என்றால் சீழ் கட்டியிருக்கலாம். "முறுக்கி முறுக்கி விடுது" என்றால் குடல், சலக்குழாய் போன்ற உள்ளே வெளியுள்ள உறுப்பொன்றைத் தேட வேண்டும். பரிசோதனை தொடங்குமுன்பே சொல் பாதி வழியைக் காட்டிவிடுகிறது.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். அதற்கு எங்கள் மண்டபத்தின் மேற்கு வாசல் படியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்றப் படிகளைவிடச் சற்று உயரமான அந்தப் படியில் கால் பெருவிரல் அடிபடாமல் இங்கே படித்து முடித்தவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். ஒருவரும் இல்லை. நல்லது, எல்லோருக்கும் அனுபவம் இருக்கிறது.

விரல் படியில் மோதுகிறது. முதலில் பளீர் என்று ஒரு கூர்மையான நோ. கால் தானாகப் பின்னுக்கு இழுபடுகிறது. "ஐயோ, இனித்தான் இருக்கு" என்று நினைக்க நேரம் இருக்கும். அதன் பின்னர் மெல்ல மெல்ல மற்றைய நோ வந்து சேரும்; அது அகலமானது, கடுக்கின்றது, போகாமல் நிற்பது. ஒரே அடிக்கு இரண்டு நோ ஏன்?

எங்கள் தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ளுறுப்புகளிலும் மிக நுண்ணிய நரம்பு நுனிகள் பரந்திருக்கின்றன. உடலுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய அழுத்தம், வெப்பம், குளிர், இரசாயனப் பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் இந்த நுனிகளை நோ வாங்கிகள் எனலாம். சேலை உரசுவதற்கும் தலை தடவுவதற்கும் அவை வாய் திறப்பதில்லை. இப்படி ஒரு தனி வகை வாங்கி உண்டு என்று கூறி அதற்கு 1906இல் பெயரிட்டவர் இங்கிலாந்தின் சார்ள்ஸ் ஷெரிங்டன். அடி விழுந்ததும் நுனியிலுள்ள நுண்ணிய கதவுகள் திறந்து, சோடியம் அயன்கள் உட்புகுந்து, ஒரு மின் கணத்தாக்கம் புறப்படுகிறது.

அது செல்ல இரு பாதைகள் உண்டு. ஒன்று மெல்லிய மயலின் கவசம் உள்ள நார்; அதில் செய்தி செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரை ஓடும். மற்றையது கவசமே இல்லாத மிக மெல்லிய நார். அதில் வேகம் செக்கனுக்கு 2 மீற்றரிலும் குறைவு. பெருவிரலிலிருந்து முண்ணாணுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரைவான நாரில் செய்தி கண் இமைக்கும் நேரத்துக்குள் போய்விடும். மெதுவான நாரில் ஒரு செக்கன்வரை, சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும். "இனித்தான் இருக்கு" என்று நீங்கள் நினைத்தது அந்த இடைவெளியில்தான். இன்னொரு அதிசயம், பெருவிரல் நுனியிலிருந்து முண்ணாண் வரை செல்வது ஒரே ஒரு நரம்புக்கலம். அதன் உடல் முள்ளந்தண்டுக்கு அருகே ஒரு சிறு முடிச்சில் இருக்க, கை மட்டும் கால்விரல்வரை நீண்டிருக்கிறது.

முண்ணாணில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காலை இழு என்ற கட்டளை அங்கிருந்தே தசைக்குப் போகிறது. இதைத்தான் எங்கள் விலங்கியல் ரீச்சர் சிவப்பு, நீலச் சோக்கினால் தெறிவினை வில் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். மூளைக்கு நோ தெரியுமுன்பே கால் விலகிவிடுகிறது. அதேவேளை செய்தி இன்னொரு நரம்புக்கலத்துக்குக் கைமாறி, மறுபக்கம் கடந்து, மூளையை நோக்கி மேலே ஏறுகிறது. தலமசு என்ற இடத்தில் மாறி, மூளையின் பல பகுதிகளுக்குப் பிரிந்து செல்கிறது. ஒரு பகுதி "வலது கால் பெருவிரல்" என்று இடம் சொல்கிறது. வேறு பகுதிகள் "இது தாங்க முடியாதது" என்று உணர்ச்சியைச் சேர்க்கின்றன. நோவுக்கென்று மூளையில் தனியொரு அறை கிடையாது. பல பகுதிகள் சேர்ந்து கூட்டும் பெறுபேறுதான் நோ.

இந்த ஒரு விடயத்தை மட்டும் இன்று வீட்டுக்குக் கொண்டு போங்கள். விரல் அனுப்புவது செய்தி. அது நோவாக உணரப்படுவது மூளையில். இரண்டுக்கும் இடையிலான வழியில் அந்தச் செய்தி கூட்டப்படலாம், குறைக்கப்படலாம், தடுக்கப்படலாம். எனவே காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் இதன் விளக்கம்தான்.

கூட்டுவது எப்படி என்று முதலில் பார்ப்போம். மிளகாய் இடித்த கை ஏன் எரிகிறது? கையில் நெருப்பு இல்லை. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் என்ற அறிஞரின் குழு 1997இல் இதற்கு விடை கண்டது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திறக்கும் ஒரு கதவு நோ வாங்கிகளில் இருக்கிறது. மிளகாயிலுள்ள கப்சாயிசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு "சுடுகிறது" என்ற செய்திதான் போகிறது. பறவைகளின் கதவு கப்சாயிசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தை நோகாமல் தின்பது அதனால்தான். அழுத்தத்தையும் தொடுகையையும் உணரும் கதவுகளைக் கண்டறிந்த ஆடெம் பட்டபூட்டியனுடன் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடிபட்ட விரல் அடுத்த நாள் வீங்கிவிடும். அப்போது சப்பாத்தும் வேண்டாம், காலுறை பட்டாலே நோகும். காரணம், காயப்பட்ட இடத்தில் உருவாகும் புரொஸ்டகிளாண்டின் முதலிய பொருள்கள் நோ வாங்கிகளைச் சிறிய தூண்டலுக்கும் குரல் எழுப்பும்படி செய்துவிடுகின்றன. அஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தது. ஆனால் அது புரொஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கிறது என்பதை ஜோன் வேன் 1971இல்தான் காட்டினார். அந்தப் பணிக்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலத்தில் உருவாவதும் இதே புரொஸ்டகிளாண்டின்தான். அது கருப்பைத் தசையை இறுகச் சுருங்க வைக்கிறது, இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, நரம்பு நுனிகளையும் கூராக்குகிறது. அது உருவாகும் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. இபுபுரொபன், மெபனமிக் அசிட் போன்ற குளிசைகளை நோ தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் அதிகம் பயன் தருவது ஏன் என்று இப்போது விளங்கும். அவை புதிதாக உருவாவதைத்தான் தடுக்கும், உருவாகிவிட்டதை அகற்றமாட்டா. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், தொய்வு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இவற்றை எடுக்கக்கூடாது.

அடுத்து, குறைப்பது. விரல் அடிபட்டவுடன் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? குனிந்து தேய்ப்பது. விடுதியில் வயிற்றுநோ என்று போனால் மேற்றன் வேர்க்கொம்புக் கோப்பி தந்து, சுடுதண்ணீர்ப் போத்தலைச் சீலையில் சுற்றி வயிற்றில் வைத்துவிடுவார். ஆறுதலுக்காகச் செய்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். முன்பு சொன்ன மெல்சாக்கும், பற்றிக் வோல் என்பவரும் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டுவரும் தடித்த நார்கள் முண்ணாணில் ஒரு கதவைச் சாத்த உதவுகின்றன; அதனால் நோச் செய்தியில் ஒரு பகுதி மேலே போகாமல் நிற்கிறது என்றார்கள். அவர்கள் வரைந்த படத்தின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் முண்ணாணிலேயே நோ தணிக்கப்படலாம் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. தேய்த்துவிடும் கைக்கும் ஒத்தணத்துக்கும் விஞ்ஞானத்தில் இடம் உண்டு.

முண்ணாணின் கதவை மூளையும் மேலிருந்து சாத்தலாம். இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்குமுன்பே என் காலில் அறிந்தேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. இங்கிருக்கும் பலருக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. அப்பா அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டினார். நான் தம்பியின் கையை விடாமல் பிடித்திருந்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் ஒரு செருப்புக் கழன்று போனது. விடியும்போது சாவகச்சேரிப் பக்கம் ஒரு திண்ணையில் இருந்தோம். அம்மா, "பிள்ளை, காலில என்ன இரத்தம்?" என்றா. பார்த்தால் உள்ளங்காலில் ஒரு போத்தல் ஓடு ஆழமாக ஏறியிருந்தது. எந்த இடத்தில் ஏறியது என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்ட பிறகுதான் நொந்தது. அதன் பின் இரண்டு கிழமை காலை ஊன்ற முடியவில்லை.

ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றியவர். கடுமையாகக் காயப்பட்டு வந்த படையினரிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ முக்காற்பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1946இல் அதை எழுதி வெளியிட்டார். உயிர் தப்புவதுதான் அந்த நேரத்தின் தலையாய வேலை என்று மூளை தீர்மானித்தால், மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்கு ஒரு கட்டளை இறங்குகிறது: இப்போது பேசாதே. அந்தக் கட்டளையில் உடலே தயாரிக்கும், மோர்பின் போன்ற பொருள்களும் பங்குகொள்கின்றன. அவற்றில் முதலாவதை 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் இருவரும் கண்டறிந்தார்கள். மோர்பின் வேலை செய்வது, அது பொருந்தக்கூடிய பூட்டு எங்கள் நரம்புக்கலங்களில் ஏற்கெனவே இருப்பதால்தான்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். புற்றுநோயால் துடிக்கும் தாய்க்கு மோர்பின் கொடுக்கலாம் என்று சொன்னால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். "அது கடைசி மருந்தெல்லோ? பழகிப் போகுமெல்லோ?" என்கிறார்கள். வைத்தியரின் கண்காணிப்பில், அளவறிந்து கொடுக்கும் மோர்பின் மரணத்துக்கான சீட்டு அல்ல. நோ தணிந்ததால் எழுந்திருந்து பேரப்பிள்ளையுடன் கதைத்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தினால் ஒருவரையும் நோக வைக்காதீர்கள்.

நோவே இல்லாவிட்டால் எவ்வளவு நல்லது என்று தோன்றலாம். வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் கையில் கத்தியைக் குத்திக் காட்டியும் நெருப்புத் தணலில் நடந்தும் வேடிக்கை காட்டுவான். அவனுக்கு நோவே தெரியாது. 14 வயது நிறையுமுன் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனது உறவுக் குடும்பங்களில் அதே நிலையிலிருந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் காரணத்தை வெளியிட்டார்கள். நோ வாங்கிகளிலுள்ள ஒரு சோடியக் கதவு அவர்களுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அந்தப் பிள்ளைகளின் நாக்கும் உதடும் அவர்களே கடித்த காயங்களால் நிறைந்திருந்தன. செய்தி வராத உடலைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

அதே ஆபத்து எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. நீரிழிவு பல வருடம் கட்டுப்பாடின்றி இருந்தால் கால்களின் மெல்லிய நார்கள் பழுதாகின்றன. முதலில் எரிவு, பின்னர் விறைப்பு, கடைசியில் ஒன்றுமே தெரியாத கால். திருவிழாக் காலத்தில் கோயில் வீதிச் சுடுமணலில் வெறுங்காலுடன் சுற்றி வந்து, மாலையில்தான் உள்ளங்கால் கொப்பளித்திருப்பதைக் கண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொப்பளம் புண்ணாகி, புண் விரலை எடுக்கும் நிலைவரை போகலாம். உங்கள் அம்மா, அப்பாவுக்கு நீரிழிவு இருந்தால் நாள்தோறும் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். இருதயத்திலிருந்து வரும் செய்தியும் இவ்வாறு மங்கிப் போகலாம். நீரிழிவுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சிலவேளை நெஞ்சுநோ இல்லாமல், மூச்சு வாங்கல், தாடை அல்லது முதுகு நோ, ஓங்காளம், காரணமில்லாத களைப்பு என்று வரும். "வாய்வாக்கும்" என்று படுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, காயம் கண்ணுக்குத் தெரியாத நோ. மிதிவெடியில் கால் இழந்தவர்கள் வந்து, "இல்லாத காலின்ரை பெருவிரல் கடுக்குது டொக்டர்" என்பார்கள். விரல் இல்லை, ஆனால் விரலுக்குரிய நரம்பின் வெட்டுண்ட முனையும், முண்ணாணும், மூளையில் அதற்கான இடமும் இருக்கின்றன. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு நோ குறைந்தது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் நோ எங்கே உருவாகிறது என்பதை உலகுக்கு விளக்க அது போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பே, 1983இல், இலண்டனில் கிளிஃபர்ட் வூல்ஃப் இன்னொன்றைக் காட்டியிருந்தார். நீண்டநேரம் நோச் செய்தி வந்துகொண்டே இருந்தால் முண்ணாணின் நரம்புக்கலங்கள் தாமே கூருணர்வு அடைந்துவிடுகின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு இதைச் சொன்னால் விளங்கும்: பாடுபவர் அதே குரலில்தான் பாடுகிறார், பெட்டியின் சத்தத்தை யாரோ கூட்டிவிட்டார்கள். கூட்டிய சத்தம் சிலவேளை காயம் ஆறிய பிறகும் குறைவதில்லை. ஸ்கானில் ஒன்றும் தெரியாது, இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். நோ மட்டும் உண்மையாக இருக்கும்.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகவும்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

எங்கள் உயர்தர வகுப்பில் ஒருத்தி ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். வந்தாலும் மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருப்பாள். நான் வகுப்புத் தலைவி. சோதனை நாட்களில் அவளைக் காணாவிட்டால் "கள்ளம்" என்று நாங்கள் கதைப்போம். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் நான் அவளிடம், "எங்களுக்கும்தானே வருது, நாங்கள் வாறம்தானே?" என்று சொன்னேனாம். சொன்னேனாம் என்கிறேன், ஏனென்றால் எனக்கு அது நினைவில் இல்லை. அவளுக்கு இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக நினைவிருக்கிறது.

அவளுக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறையிலும் வளரும் நோய். அது மாதந்தோறும் அழற்சியை உண்டாக்கும், உறுப்புகளை ஒட்டவைக்கும், நரம்புகளின் சத்தத்தையும் கூட்டிவிடும். கருவளப் பருவத்துப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. அப்படியென்றால் நாற்பது பேர் படித்த எங்கள் வகுப்பில் அவள் மட்டும் இருந்திருக்க முடியாது. அவளுக்கு நோய் இன்னதென்று தெரிந்தது முப்பத்து நான்காவது வயதில். அதுவரை எத்தனையோ பேர் அவளிடம் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வரிசையில் முதலாவதாக நின்றவர்களில் நானும் ஒருத்தி. போன வருடம் தொலைபேசியில் இதை அவள் சொன்னபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "மேடையில சொல்லு, அப்ப மன்னிக்கிறன்" என்று சிரித்தாள். அவளுடைய விருப்பத்தோடு, பெயர் சொல்லாமல், இப்போது சொல்லிவிட்டேன்.

"எங்களுக்கும்தானே வருது" என்பதில் என்ன பிழை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஒரே படியில் அடிபட்ட இரண்டு விரல்கள்கூட ஒரே செய்தியை அனுப்புவதில்லை. அனுப்பினாலும் ஒரே சத்தத்தில் அது கேட்பதில்லை. இன்னொருவரின் நோவை அளக்கும் கருவி இன்றுவரை இல்லை. உலகின் நோ ஆய்வாளர் சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு நோகிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. சொல்ல முடியாதவர்களுக்கும், குழந்தைக்கும், பேச்சிழந்த முதியவருக்கும் நோ உண்டு என்பதையும் சேர்த்தது.

பொறுமை எங்கள் பாடசாலை எங்களுக்குத் தந்த நல்ல குணம். போரிலும் இடம்பெயர்விலும் அது எங்களைக் காத்தது. ஆனால் பொறுப்பது வேறு, மறைப்பது வேறு. வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு எடுத்து "எப்பிடி அம்மா சுகம்?" என்றால், "ஒண்டுமில்லை பிள்ளை, கொஞ்சம் உளைவுதான்" என்பா. அதோடு விட்டுவிடாதீர்கள். எங்கே உளைவு, என்ன மாதிரி, இரவில் நித்திரை வருகிறதா, முந்திச் செய்த எதை இப்போது செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும்.

ஆசிரியர்களிடமும் தாய்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். மாதவிடாய் நோவினால் ஒரு பிள்ளை மாதந்தோறும் பாடசாலைக்கு வரமுடியாமல் இருந்தால், அது பெண்பிள்ளையென்றால் இருக்கத்தான் செய்யும் என்று விடக்கூடியதல்ல. அவளை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பழைய மாணவிகள் சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டுப் பணிகளின் பட்டியலில் நுழைவாயிலும் கணினிக் கூடமும் இருக்கின்றன, மகிழ்ச்சி. அவற்றோடு அந்தப் பழைய நோயாளர் அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டில், ஒரு திரை, சுடுதண்ணீர்ப் பை, தண்ணீர் வசதியுள்ள மலசலகூடம், யார் எத்தனை தடவை வந்து படுத்தாள் என்று எழுதிவைக்க ஒரு கொப்பி. அந்தக் கொப்பியை மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆசிரியை. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். என் பங்கை நான் செயலாளரிடம் இன்றே தந்துவிட்டேன். எங்கள் வகுப்புத் தோழியின் பங்கும் அதிலே இருக்கிறது.

அந்த மேற்கு வாசல் படியையும் ஒரு மேசனைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம். ஆனால் அதை அப்படியே விடுங்கள் என்று பல அக்காமார் சொல்வது கேட்கிறது. சரி, விட்டுவிடுவோம். பார்த்து இறங்குங்கள்.